மண்ணெண்ணெய் குடித்த பந்தயக் கார்

விடத்தல்தீவு பெனடிக்ற்றின் கார் ஓடிய வேகத்தைப் பற்றி ஊரில் யார் என்ன சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டு நம்பலாம். மிச்சப் பாதியே மூச்சடைக்கும். கடலைக் கடக்கிற மன்னார்த் தாம்போதியில் அது போனபோது அதன் நிழல் ஈடுகொடுக்க மாட்டாமல் அரை மைல் பின்னால் தள்ளாடி வந்தது என்றும், காவலில் நின்ற சிப்பாய் காருக்கு ஒரு தண்டத் துண்டும் நிழலுக்கு ஒரு தண்டத் துண்டும் எழுதிக் கொடுத்தான் என்றும் சத்தியம் செய்ய மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் பெனடிக்ற்றின் மச்சான்மார்.

அவனுடைய மனைவி எடித் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவளுக்கு அந்தக் கார் சக்களத்தி. புருசன் காலையில் எழும்பினால் சிலுவை போடுவதற்கு முன் அதைத் துடைப்பான். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் நெற்றியை ஒருநாள் தொட்டுப் பார்த்தவனில்லை. காரின் மூடியில் கையை வைத்து, "சூடு கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்று கவலைப்படுவான்.

சின்ன ஜப்பான் கார். பக்கத்துக்கு ஒரு கதவு, முதுகில் மூன்றாவது கதவு. அந்த மூன்றாவது கதவு, வாய் பிளந்த முதலையைப் போல மேல்நோக்கித் திறக்கும். கொழும்பில் பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் பந்தயம் ஓட வைத்திருந்ததை எண்பத்தெட்டில் பெனடிக்ற் வாங்கிக்கொண்டு வந்தான். வந்த கையோடு எருக்கலம்பிட்டி அபூசாலியின் கராச்சில் விட்டு, ஏற்கெனவே பேய் பிடித்த இஞ்சினுக்கு இன்னும் இரண்டு பேயை ஏற்றினான். இரட்டைக் காபரேட்டர் ஒரு பேய். சிலிண்டருக்கு மேலிருக்கும் ஹெட்டை அடியில் வழித்து அமுக்கத்தைக் கூட்டியது மற்றப் பேய்.

"டேர்போ எண்டு வெளியால ஊதித் தள்ளுற சாமான் ஒண்டும் இதில இல்லை. தன்ர மூச்சைத் தானே இழுத்து ஓடுற இஞ்சின். விளங்குதே?" என்று வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சொல்வான். விளங்காதவர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டாவிட்டால் ஏற்றிக்கொண்டு ஓடிக்காட்டுவான் என்ற பயம்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. சண்டையில் மன்னார்த் தீவு இராணுவத்தின் பக்கம், கரை இயக்கத்தின் பக்கம் என்றானது. ஒக்டோபர் மாதத்தில் இயக்கத்தார் முஸ்லிம் சனத்தைக் கையில் அகப்பட்டதோடு போகச் சொன்னார்கள். அபூசாலியும் குடும்பமும் கடலால் போய்ப் புத்தளத்தில் இறங்கினார்கள். பெற்றோல் மருந்துப் போத்தலில் அளந்து விற்கிற பொருளாயிற்று. ஊரில் மிச்சமிருந்த கிழட்டுக் கார்கள் இருமி இருமி மண்ணெண்ணெய்க்குப் பழகிக்கொண்டன. பந்தயக் கார் மட்டும் மண்ணெண்ணெயை வாயில் வைக்க மறுத்து, வாகை மரத்தின் கீழே தென்னங்கிடுகு போர்த்துக்கொண்டு இரண்டே கால் வருடம் கிடந்தது.

பெனடிக்ற்றும் அதோடு சேர்ந்து கிடந்தான். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினான். மீன்வாடிக்கு வந்து மீனைத் தரம் பிரித்துத் தாருங்கோ என்று எடித் கேட்டால், விளைமீனைச் சின்னச் சூடைமீன் கூடைக்குள் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பான். வானத்தில் குண்டு போடுகிற பொம்மரைத் தேடுகிறான் என்று ஊர் நினைத்தது. தேடியது பெற்றோலை என்பது எடித்துக்குத்தான் தெரியும்.

வீடு எடித்தின் மீன் கூடையில் நின்றது. அவளுடைய தமையன் அருட்பிரகாசத்தின் வலையில் மீன் படாமலில்லை. பட்டதை வைத்திருக்க ஐஸ் இல்லை. சைக்கிள்காரர் விடியல் வெள்ளாப்பில் கட்டிக்கொண்டு மிதித்தாலும் மல்லாவிச் சந்தைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஒரு மணியாகும். அதற்குள் மீன் கண்ணை மூடிவிடும். ஆகையால் கொடுவாவும் விளையும் திரளியும் எல்லாம் உப்புக்குப் போய்க் கருவாடாயின. மல்லாவியில் சனம் பச்சை மீன் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டியதாகக் கேள்வி.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் மல்லாவியிலிருந்து சரவணமுத்தர் என்ற கமக்காரர் வந்து இறங்கினார். பன்னிரண்டு ஏக்கர் வயல், கிணற்றில் கடல் போலத் தண்ணீர், இறைக்க இஞ்சின் இல்லை. காரைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். கோயில் சுற்றுவது போல.

"பெட்டி எனக்கு வேண்டாம் தம்பி. நீரே வைச்சுக்கொள்ளும். கோழி அடைக்கலாம். இஞ்சினைத் தாரும். பம்பில பூட்டினா வயல் பாயும். பத்து மூடை நெல்லு."

பெனடிக்ற்றின் முகத்தைப் பார்த்தால் ஈரலை விலைக்குக் கேட்டுவிட்டார் போலிருந்தது. பதில் சொன்னது எடித்.

"ஐயா, ஒரு கிழமை தாங்கோ. வாற சனிக்கிழமை மல்லாவிச் சந்தைக்கு இந்தக் கார் மீனோட தன்ர காலில வரும்."

"வராட்டி?"

"வராட்டி இஞ்சின் உங்களுக்கு."

"எடித்!" என்றான் பெனடிக்ற்.

"நீங்கள் சும்மா இருங்கோ. கிடுகுக்குக் கீழ கிடந்து இரும்பு கறள் பிடிக்கிறதை விட வயலுக்க நிண்டு தண்ணி இறைக்கட்டும். நீங்களும் போய்ப் பக்கத்தில குந்தியிருக்கலாம்."

சரவணமுத்தர் சிரித்தார். "சந்தை பத்து மணிக்குக் கலையும் பிள்ளை. பத்துக்குப் பிந்தினால் நான் ட்ரக்ரரில வந்து கட்டி இழுப்பன். சொல்லிப்போட்டன்."

அவர் போனபிறகு பெனடிக்ற் அன்றிரவு வரை அவளோடு பேசவில்லை. பேசாமலே கிடுகை உரித்துப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாகட்டும் என்று அது வரும் செப்புக் குழாயைப் புகைக் குழாயில் ஏழு சுற்றுச் சுற்றினான். மருந்துப் போத்தல் பெற்றோலில் இஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். எழும்பியது. ஓடவும் செய்தது. ஆனால் சத்தம்! பித்தளைக் குடத்துக்குள் கருங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலத் தட்டியது. கோயில் கூரையில் இருந்த புறாக்கள் அடுத்த பங்குக் கோயிலுக்குக் குடிபெயர்ந்தன. பத்து நிமிடத்தில் இஞ்சின் அடுப்பாய்க் கொதித்தது.

"இப்பிடி ஓடினால் பாலியாறு தாண்ட முதல் பிஸ்ரன் ஓட்டையாகும்" என்றான் பெனடிக்ற். கண் கலங்கியிருந்தது. புகை என்று சொன்னான்.

நாலு மாதத்துக்கு முன் ஒருதரம் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்துத் தட்டியதும் அவன் அபூசாலிக்கு எழுதிய கடிதத்துக்கு அந்தத் திங்கட்கிழமைதான் பதில் வந்தது. எடித் வாசித்தாள், அவனுக்குக் கை முழுக்க எண்ணெய்.

"அன்பு பெனடிக்ற் அறிவது. நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் அல்லாஹ்ட காவலில் சுகம். எங்கட மகள் றம்லாவுக்கு மூத்தது பொம்பிளைப் பிள்ளை. உன்ர கார் மண்ணெண்ணெயில தட்டுது எண்டு எழுதியிருக்கிறாய். தட்டாமல் என்ன செய்யும்? வேகம் வேகம் எண்டு நீ அடம்பிடிச்சு நிண்டபடியால் ஹெட்டை ஒரு மில்லிமீற்றர் வழிச்சனான். பெற்றோலுக்கு அது சீனி, மண்ணெண்ணெய்க்கு நஞ்சு. செம்புத் தகட்டில இரண்டாவது கேஸ்கற் வெட்டி ஹெட்டுக்குக் கீழ வைச்சால் அமுக்கம் குறையும், தட்டாது. ஆனால் இழுக்கவும் மாட்டுது, மணலில நிண்டுபோகும். காபரேட்டர் ஒண்டைக் கழட்டினால் எண்ணெய் மிச்சம், பலமும் பாதி. இன்னுமொண்டு. ஹெட்டின்ர போல்ட்டெல்லாம் பழசு. துறந்தால் ஒண்டாவது முறியும். முறிஞ்சதை எடுக்கிற சாமான் என்ர கராச்சில வலது பக்கச் சுவரில தொங்கினது. இப்ப சுவர் நிக்குதோ தெரியாது. ஆகவே என்ர சொல்லைக் கேளு, ஹெட்டைத் துறவாதே. நான் வந்து துறப்பன், இன்ஷா அல்லாஹ்."

எடித் கடிதத்தை மடித்தாள்.

"றம்லாவுக்குப் பிள்ளை பிறந்திட்டுது" என்றாள் அவள்.

"போல்ட் முறியுமாம்" என்றான் அவன்.

அதன்பிறகு வாக்குவாதம் தொடங்கியது. செவ்வாயும் புதனும் ஓயவில்லை. எடித் கேஸ்கற் கட்சி. "பலம் குறைஞ்சால் குறையட்டும். தட்டாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தால் சரி. நாங்கள் பந்தயத்துக்கோ போறம்?"

"முன்னூறு இறாத்தல் மீனோட இலுப்பைக்கடவை மணலில ஏறினால் தெரியும். ரெண்டு பேரும் இறங்கித் தள்ளவேணும். அதுக்குச் சைக்கிளே போதும்."

"அப்ப காபரேட்டரைக் கழட்டுங்கோ."

"நீ என்ர ஒரு சுவாசப்பையைக் கழட்டு."

"கழட்டத் தெரிஞ்சால் எப்பவோ கழட்டியிருப்பன். இஞ்சாருங்கோ, எனக்கு உங்கட இஞ்சின் கணக்கு வேண்டாம். மீன் கணக்கைக் கேளுங்கோ. சூடை ஒரு மணித்தியாலம் தாங்கும். கும்பிளா ரெண்டு. விளையும் கொடுவாவும் ஈரச் சாக்குக்குள்ள சாதாளைப் பாசி போட்டு மூடினால் நாலு. ஆறு மணிக்கு வள்ளம் கரைக்கு வரும். நாலு மணித்தியாலத்துக்குள்ள என்னைக் கொண்டுபோய் விடுற இஞ்சின் எதுவோ, அதைச் செய்து தாங்கோ."

இந்தப் போர் நடக்கும்போதெல்லாம் முற்றத்து மூலையில் பொன்னையா விறகு கொத்திக்கொண்டிருந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து, ஊருக்கு வெளியே குடியேறி, கூலிக்கு வேலி கட்டவும் விறகு கொத்தவும் வருகிற மனிதர். எடித்துக்கு அவர்மேல் ஒரு சின்ன மனக்கறள் இருந்தது. தேத்தண்ணி கொடுத்தால் பாதியைக் குரோட்டன் செடிக்கு ஊற்றிவிடுவார். தேயிலைக்குள் பிறந்த மனுசனுக்கு எங்கட தேத்தண்ணி காணாதாக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை மத்தியானம் இஞ்சின் தட்டுகிற சத்தம் கேட்டுக் கோடரியைக் கீழே போட்டுவிட்டு அவர் கிட்ட வந்தார்.

"டைவர் ஐயா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கோ. எல்லாரும் சொல்லிக்கொண்டுதானே இருக்கினம்."

"எங்க பேக்டரில ஒரு பழைய எண்ணெய் இஞ்சின் இருந்துச்சுங்க. வெள்ளைக்கார தொரை காலத்துது. மண்ணெண்ணெயிலதான் ஓடும். பாரம் ஏறுனா இதே மாதிரிதான், டக்கு டக்குனு மண்டைல அடிக்கும். அப்ப தண்ணி வுடுவோம்."

"எதுக்குள்ள?"

"இஞ்சினுக்குள்ளதாங்க. காத்து இழுக்கிற வாயில சொட்டுச் சொட்டா. உள்ள போயி ஆவியாகி, சூட்டைத் தணிச்சிரும். தட்டுறது நின்னுரும். பலமும் கொறையாது. பதினோரு வருசம் நாந்தாங்க அந்தக் கொழாயைத் திருப்பினவன்."

பெனடிக்ற் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இஞ்சினுக்குள்ள தண்ணி விட்டால் அது இஞ்சின் இல்லை, கிணறு."

"மழை பெய்யிற நேரம் ஓட்டியிருப்பீங்களே. வழக்கத்தை விட நல்லா இழுக்குமா இல்லையா?"

பெனடிக்ற் இஞ்சினைத் திரும்பிப் பார்த்தான். மழையில் அந்தக் கார் மிருதுவாக ஓடுவது அவனுக்குத் தெரியும். மடுத் திருவிழாவுக்கு ஒருமுறை மழைக்குள் போனபோது மாதாவின் அருள் என்று நினைத்திருந்தான்.

"பதினோரு வருசமோ?" என்றாள் எடித். "அப்ப ஏன் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"யாரும் கேக்கலீங்களே அம்மா. வெறகுதானே கொத்தச் சொன்னீங்க."

ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை. போல்ட் முறியாது. பலம் போகாது. பிழை வந்தால் சொட்டை நிறுத்திவிட்டால் சரி. பெனடிக்ற் இப்படி ஒவ்வொன்றாக விரல் மடித்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே எடித் மருந்தகத்துக்குப் போய், எறியக் கிடந்த சேலைன் போத்தலும் குழாயும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். போத்தலைக் காரின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கம்பி வைத்துத் தொங்கவிட்டார்கள். குழாய் மூடிக்குக் கீழே போய் இரட்டைக் காபரேட்டரின் வாயில் நின்றது. பார்த்தால் கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது போலிருந்தது. பொன்னையா குழாயின் சின்னச் சில்லைப் பெருவிரலால் உருட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் உருட்டினார்.

தட்டுவது குறைந்தது. கல் கூழாங்கல்லானது, கூழாங்கல் மணலானது, மணல் காணாமல் போனது. பெனடிக்ற் காலை அமுக்கினான். கார் ஒரு உறுமு உறுமி முற்றத்துக் கோழிகளை அயல்வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதில் இரண்டு இன்றுவரை திரும்பவில்லை.

"பொன்னையா, எங்கையப்பா இருந்தனீங்கள் இவ்வளவு நாளும்!" என்றான் அவன்.

"இந்த மூலையிலதாங்க" என்றார் அவர்.

வியாழனும் வெள்ளியும் ஓடிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை விடிய அருட்பிரகாசத்தின் வள்ளம் கரை தட்டியது. பின் ஆசனத்தைக் கழற்றி எறிந்திருந்த பெட்டிக்குள் எடித் மீனை அடுக்கினாள்: கீழே ஈரச் சாக்கு, அதன்மேல் சாதாளை, அதன்மேல் விளையும் கொடுவாவும் தலை மாறித் தலை, ஓரத்தில் இரண்டு பால்சுறா. மேலே மறுபடியும் சாதாளை. கடல்தண்ணீர் ஒரு கலன் தெளிக்க. கிணற்றுத் தண்ணீர் ஒரு கலன் சொட்டுக்கு. பொம்மர்க் கண்ணுக்குப் படாமல் கூரையில் கண்டல் மரக் கொப்பு. பொன்னையா பின்னால் மீனோடு குந்திக்கொண்டார். ஆறரைக்குப் புறப்பட்டார்கள்.

இலுப்பைக்கடவை மணலில் அது ஏறிய விதத்தை விபரித்தால் நீங்கள் நம்பப்போவதில்லை. சில்லு மணலைத் தொடவில்லை. மணல் பயந்து ஒதுங்கிக்கொண்டது. பள்ளங்களைப் பெனடிக்ற் பெயர் சொல்லி விலகினான். தெருவோரத்தில் நின்ற பொடியன் ஒருவன் துவக்கோடு கைகாட்டி மறித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, காருக்கு என்ன வருத்தம்? சேலைன் ஏத்தியிருக்கிறியள்" என்றான்.

"வேகம் கூடின வருத்தம்" என்றான் பெனடிக்ற்.

எட்டு மணி. எடித் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் புருசன் விசிலடிப்பதைக் கேட்டாள். இரண்டு வருடத்தில் இழந்த வயது எல்லாம் அவன் பிடரியில் திரும்பி வந்து குந்தியிருந்தது. பாலியாற்றுக்கு அரை மைல் இருக்கையில் கார் ஒருதரம் விக்கியது. இன்னொருதரம் விக்கியது. பிறகு ஒற்றைக் காலில் நொண்டி, ஒரு பாலை மரத்தின் கீழே நின்றுவிட்டது.

பெனடிக்ற் இறங்கி மூடியைத் திறந்தான். சொட்டுக் குழாயின் நுனியில் வெள்ளையாய் ஏதோ அடைத்திருந்தது. பிளக்கைக் கழற்றினான். நாலு பிளக்கிலும் வெள்ளைப் புழுதி கட்டிபட்டிருந்தது. மன்னார் உப்பளத்தைச் சின்னதாகச் செய்து உள்ளே பூட்டிவைத்தது போல.

பொன்னையா பிளக்கை வாங்கி நாக்கில் வைத்தார்.

"உப்புங்க."

"உப்போ? எங்கையிருந்து?" என்றாள் எடித். "கடல்தண்ணியை மாறி ஊத்திப்போட்டியளோ?"

பெனடிக்ற் கலனைத் திறந்து ஒரு மிடறு குடித்தான். "இல்லை. இது கிணத்துத் தண்ணிதான். எங்கட நல்ல தண்ணி."

எடித்தும் குடித்துப் பார்த்தாள். "ஓம், நல்ல தண்ணிதானே."

பொன்னையா கொஞ்சம் கூச்சத்தோடு அவர்களைப் பார்த்தார். "அம்மா, தப்பா எடுக்காதீங்க. அது உப்புத் தண்ணிங்க. உங்க ஊருத் தண்ணி பூரா உப்புதான். உங்க நாக்குக்குத் தெரியாது. நான் வந்து பதினஞ்சு வருசமாச்சு, எனக்கு இன்னும் தேத்தண்ணி எறங்க மாட்டேங்குது."

எடித் கலனைக் கையில் பிடித்தபடி நின்றாள். குரோட்டன் செடியும் பாதிக் கோப்பையும் அவள் கண்முன் வந்தன. பிறந்த நாள் முதல் குடித்த தண்ணீர். ஞானஸ்நானம் வாங்கிய தண்ணீர். அதில் உப்பு இருக்கிறது என்று ஒரு மனுசனும் இதுவரை சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றாள், மெல்ல.

"குடுக்கிற தண்ணிய எப்படீங்க கொறை சொல்றது? எங்க தோட்டத்துல ஊத்துத் தண்ணி. அந்தப் பழக்கத்துல நானும் இஞ்சினுக்கு யோசிக்காம வுட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"சரி, ஆரின்ர பிழை எண்டு பிறகு பாப்பம். மீன் பாத்துக்கொண்டு நிக்காது." எடித் சேலையைத் தூக்கிச் செருகினாள். "ஆறு பக்கத்திலதானே. மழைத் தண்ணி ஓடுது. பொன்னையா, நீங்கள் கலனைக் கழுவி ஆத்துத் தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ. உங்கட நாக்கால பாத்து அள்ளுங்கோ, எங்கட நாக்கு உதவாது. இஞ்சாருங்கோ, நீங்கள் பிளக்கைத் தேயுங்கோ."

"எதால தேய்க்கிறது? அரத்தாள் இல்லை."

எடித் மூன்றாவது கதவைத் திறந்து பால்சுறா ஒன்றை இழுத்தாள். கத்தியால் முதுகில் ஒரு முழத் தோலை உரித்து அவன் கையில் கொடுத்தாள். "அரத்தாளை விட நல்லது. எங்கட அப்பு வள்ளத்துக்கு இதாலதான் தேய்ச்சவர்."

பெனடிக்ற் தேய்த்தான். உப்பு உதிர்ந்தது. இரும்பு மினுங்கியது. மனைவியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டாவது பிளக்கை எடுத்தான்.

பொன்னையா அரை மைலையும் ஓடிப்போய் ஓடி வந்தார். கலனில் இருந்த ஆற்றுத் தண்ணீரை மீனுக்கும் கொஞ்சம் தெளிக்கப் போனவரை எடித் பாய்ந்து மறித்தாள். "ஐயோ வேண்டாம்! நல்ல தண்ணி பட்டால் மீன் சோர்ந்துபோகும். அதுக்குக் கடல்தண்ணிதான்."

"காருக்கு உப்பு ஆகாது, மீனுக்கு ஆத்துத் தண்ணி ஆகாது. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு வீடுங்க" என்றார் பொன்னையா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"வாங்கோ, முன்னால ஏறுங்கோ. நான் பின்னால மீனோட இருக்கிறன். சொட்டை நீங்கள்தான் பாக்கவேணும்."

மறுபடி புறப்பட்டபோது ஒன்பது ஐந்து. அந்த ஒன்பது ஐந்திலிருந்து பெனடிக்ற் ஓட்டியதை வெள்ளாங்குளத்துக் குரங்குகள் இன்றைக்கும் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. பொன்னையா ஒரு கையால் கதவையும் மறு கையால் குழாய்ச் சில்லையும் பிடித்தபடி, ஏற்றத்துக்கு இரண்டு சொட்டுக் கூட்டியும் இறக்கத்துக்குக் குறைத்தும் வந்தார். கண் மட்டும் மூடியிருந்தது. எடித் மீனின் செவுளை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தாள். சிவப்பு. இன்னும் சிவப்பு.

மல்லாவிச் சந்தையில் கார் நின்றபோது பத்து இருபது.

சந்தை பாதி கலைந்திருந்தது. ட்ரக்ரர் ஒன்று வாசலில் நின்றது. அதன் மேலிருந்து சரவணமுத்தர் புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கடிகாரத்தைக் காட்டினார்.

"வந்தது சந்தோசம் பிள்ளை. ஆனால் நான் பத்து எண்டனான்."

பெனடிக்ற்றின் கை ஸ்ரியரிங்கை விடவில்லை. எடித் இறங்கினாள். தலைமயிரில் சாதாளை ஒட்டியிருந்தது.

"ஓம் ஐயா, சொன்னது சொன்னதுதான். மணிக்கூட்டைப் பாத்திட்டியள். இப்ப இதைப் பாருங்கோ." மூன்றாவது கதவைத் தூக்கி, கொடுவா ஒன்றின் செவுளை விரித்துக் காட்டினாள்.

கடல் மணம் சந்தைக்குள் இறங்கி நடந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் நின்றார்கள். திரும்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சன நெரிசல் என்று சொல்வது சரியில்லை. மல்லாவி முழுவதும் அந்த மூன்றாவது கதவுக்குள் நுழையப் பார்த்தது.

சரவணமுத்தரின் மனைவி மனோன்மணி எல்லாரையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். செவுளைத் தொட்டாள். விரலை முகர்ந்தாள்.

"பச்சை மீன்" என்றாள். கோயிலில் நின்று சொல்வது போல.

"மனோன்மணி, கொஞ்சம் பொறு. உந்த இஞ்சின்..."

"என்ன இஞ்சின்?"

"வயலுக்கு."

"கொண்டுபோய் வயலுக்க நட்டால் மீன் முளைக்குமோ?" அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ரெண்டு வருசமாய்க் கருவாடு தின்னுறன். நீங்கள் கயித்தோட நிக்கிறியள். பிள்ளை, இந்தக் கொடுவா எனக்கு. அந்த விளை நாலும் எனக்கு. அரிசி தந்தால் எடுப்பியளோ?"

"எடுப்பம் அக்கா. ஏன் எடுக்காமல்?"

சரவணமுத்தர் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டார். சனத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கடைசியில், தொங்குகிற சேலைன் போத்தலுக்குக் கீழே இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்த பொன்னையாவிடம் போனார்.

"இது என்ன வைத்தியம்?"

பொன்னையா கண்ணைத் திறந்து சொன்னார். பேக்டரியிலிருந்து பாலியாறு வரை எல்லாம் சொன்னார். சரவணமுத்தர் குறுக்கே பேசவில்லை.

"என்ர கொட்டிலுக்க ஒரு பழைய எண்ணெய் மிஷின் கிடக்கு" என்றார் முடிவில். "மண்ணெண்ணெய் விட்டால் தட்டுது எண்டு எறிஞ்சு போட்டன். அதுக்கும் இந்தத் தண்ணி வைக்கலாமோ?"

"பாத்தாத்தாங்க சொல்லலாம். உங்க கெணத்துத் தண்ணி எப்படி?"

"நீங்களே வந்து குடிச்சுப் பாருங்கோ அண்ணை."

பதினைந்து வருடமாகப் பொன்னையாவை அந்தக் கரையில் யாரும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. அவர் காரிலிருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ட்ரக்ரரில் ஏறிப் போனார். பன்னிரண்டு மணிக்கு வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "கற்கண்டுத் தண்ணிங்க" என்றார். "ரெண்டு செம்பு குடிச்சேன்."

அதற்குள் பெட்டி காலியாகியிருந்தது. தோல் உரிந்த பால்சுறாவைக்கூட யாரோ சண்டைபிடித்து வாங்கிப் போனார்கள். மீனுக்குப் பதிலாக மூன்று மூடை அரிசி, ஒரு சாக்குப் பூசணிக்காய், உயிரோடு ஒரு சேவல். உள்ளே இரண்டு மூடைக்குத்தான் இடம். மூன்றாவதைக் கூரையில் வைக்கவேண்டியிருந்தது.

"கட்ட ஒண்டும் இல்லையே" என்றான் பெனடிக்ற்.

சரவணமுத்தர் தோளிலிருந்த புதுக் கயிற்றைக் கழற்றினார். தானே காரைச் சுற்றி இரண்டு சுற்று விட்டு இழுத்து, மாட்டுக்காரன் முடிச்சுப் போட்டு, காலை வைத்து ஒருதரம் இழுத்துப் பார்த்தார். மூடை அசையவில்லை.

"வாற சனி எனக்குத் திரளி வேணும்" என்று மனோன்மணி வாசலில் நின்று கத்தினாள். "பத்தரை எண்டாலும் நிக்கிறன். பதினொண்டு எண்டாலும் நிக்கிறன்!"

"பத்துக்கு நிப்பம்!" என்று பெனடிக்ற் திருப்பிக் கத்தினான்.

"மெல்லப் போங்கோ தம்பி" என்றார் சரவணமுத்தர், கூரையைத் தட்டி. "மேல அரிசி இருக்கு."

அந்த வார்த்தையை அவனிடம் சொல்லிவிட்டு உயிரோடிருந்த ஆள் எவனுமில்லை என்பது ஊர்க் கதை. அன்று பெனடிக்ற் தலையாட்டினான். முதல் கியரில் போட்டு, முட்டை மேல் நடப்பவன் போல ஓட்டிக்கொண்டு சந்தை வாசலைத் தாண்டினான். எடித் பின்னால் அரிசி மூடையில் சாய்ந்து, சேவலை மடியில் அமுக்கிப் பிடித்தபடி நித்திரையாகிவிட்டாள். கண்ணாடியில் அதைக் கண்டவன் இன்னும் கொஞ்சம் மெல்ல ஓட்டினான். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு முந்திப் போயின. பொன்னையா சொட்டைப் பாதியாகக் குறைத்தார்.